ஈசானி மூலையும் கன்னி மூலையும்: ஒரு காமர்ஸ்காரனின் டிரிக்னாமெட்ரி

"ஆல் சில்வர் டீ கப்ஸ்."

பிளஸ் ஒன்னுல பிசினஸ் மேத்ஸ் எடுத்த யாரை எழுப்பிக் கேட்டாலும் இந்த நாலு வார்த்தை மட்டும் ஞாபகம் இருக்கும். சில ஊர்ல இது "ஆல் ஸ்டூடண்ட்ஸ் டேக் காஃபி"னு ஓடும். டீயோ காபியோ, சமாச்சாரம் ஒண்ணுதான். முதல் கால்பகுதியில எல்லாமே மிகை. ரெண்டாவதுல சைன் மட்டும் மிகை. மூணாவதுல டேன் மட்டும். நாலாவதுல காஸ் மட்டும். ஒவ்வொரு வார்த்தையோட முதல் எழுத்தையும் பிடிச்சுக்கிட்டா அஞ்சு மார்க் கேள்வி ஒண்ணை கண்ணை மூடிக்கிட்டு எழுதிடலாம். எழுதினோம். பாஸும் ஆனோம்.

இப்ப நான் பி.காம் கடைசி வருஷம். என் வகுப்புல இருக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு. "காமர்ஸ் படிக்கிறவனுக்கு இந்த டிரிக்னாமெட்ரியை எதுக்குய்யா வெச்சாங்க?" நியாயமான கேள்விதான். டேலியில சைன் பட்டன் கிடையாது. ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல காஸ் தீட்டாவுக்குன்னு தனிக் கட்டம் கிடையாது. கோபுரத்தோட உயரத்தை நிழலை வெச்சுக் கண்டுபிடிக்கச் சொல்லி எந்த ஆடிட்டரும் நம்மள அனுப்பப் போறதில்ல.

ஆனா அந்த அத்தியாயத்துல ஒரு சின்ன விஷயம், கோணம் எந்தக் கால்பகுதியில இருக்குனு குறிகளை வெச்சுக் கண்டுபிடிக்கிற விஷயம், எங்க வீட்டுல ஆறு லட்சம் ரூபாய் சம்பந்தப்பட்ட மேட்டர்ல வந்து நின்னுச்சு. நான் மூணு வருஷமா படிச்ச அக்கவுண்டன்சியை விட அதுதான் அன்னிக்குக் கை கொடுத்துச்சு. அதைச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு பில்டப்பு :-)

முதல்ல கொஞ்சம் கணக்கு. ஓடிடாதீங்க. ஒரு வீடு, நாலு மூலை. அவ்வளவுதான்.

வீடும் நாலு மூலையும்

ஒரு சதுரமான காலி மனையோட நட்ட நடுவுல நிக்கறீங்கனு வெச்சுக்கோங்க. கிழக்குப் பக்கம் நடந்தா கூட்டல். மேற்குப் பக்கம் நடந்தா கழித்தல். வடக்குப் பக்கம் கூட்டல், தெற்குப் பக்கம் கழித்தல். இது நாமளா வெச்சுக்கிட்ட ஏற்பாடு. கிராஃப் தாள்ல எக்ஸ் அச்சு, ஒய் அச்சுனு சொல்றதும் இதேதான்.

இப்ப நடுவுல ஒரு கம்பை நட்டு, ஒரு அடி நீளக் கயிறு கட்டி, கயிறோட முனையைப் பிடிச்சுக்கிட்டு வட்டமா சுத்தி வாங்க. கிழக்குல ஆரம்பிச்சு வடக்கு, மேற்கு, தெற்குனு போகணும். கிழக்கிலிருந்து எவ்வளவு திரும்பியிருக்கீங்களோ அதுதான் கோணம். அந்த நிமிஷத்துல நீங்க கிழக்கே எவ்வளவு தள்ளி இருக்கீங்களோ அது காஸ். வடக்கே எவ்வளவு தள்ளி இருக்கீங்களோ அது சைன். டேன்ங்கறது சைனை காஸால வகுத்தா வர்றது.

இதுல டீயும் இல்ல, கப்பும் இல்ல. காஸ் மிகையா இருந்தா நீங்க வீட்டோட கிழக்குப் பாதியில இருக்கீங்க. குறையா இருந்தா மேற்குப் பாதி. சைன் மிகைன்னா வடக்குப் பாதி, குறைன்னா தெற்குப் பாதி. ரெண்டு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பதில். ஆக மொத்தம் நாலு மூலை.

அந்த நாலு மூலைக்கும் நம்ம ஊர்ல ஏற்கனவே பேர் இருக்கு. புதுசா வீடு கட்டின யார் வீட்டுக்குப் போனாலும் சொல்லுவாங்க. வடகிழக்கு ஈசானி மூலை, அதுதான் முதல் கால்பகுதி. வடமேற்கு வாயு மூலை, ரெண்டாவது. தென்மேற்கு கன்னி மூலை, மூணாவது. தென்கிழக்கு அக்னி மூலை, நாலாவது. வாஸ்துல நம்பிக்கை இருக்கா இல்லையாங்கறது வேற கதை. எனக்கு அதுல பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனா கால்பகுதிகளுக்கு இதைவிட நல்ல பேர் எந்தப் புத்தகத்துலயும் பார்த்ததில்ல. 'மூணாவது கால்பகுதி'னா யோசிக்கணும். 'கன்னி மூலை'ன்னா எங்க பாட்டியே கை நீட்டிக் காட்டிடும்.

ரெண்டு சாட்சி போதும், ஆனா ரெண்டும் தனித்தனியா இருக்கணும்

பரீட்சையில கேள்வி இப்படி வரும். சைன் தீட்டா மைனஸ் 3/5. டேன் தீட்டா மிகை. தீட்டா எந்தக் கால்பகுதி? காஸ் தீட்டா எவ்வளவு?

போலீஸ்காரர் மாதிரி யோசிங்க. முதல் சாட்சி சைன். அது குறைங்கறதால ஆள் தெற்குப் பாதியில இருக்கான். அதாவது கன்னி மூலை இல்லேன்னா அக்னி மூலை. ரெண்டாவது சாட்சி டேன். அது மிகை. ரெண்டு எண்ணை வகுத்து மிகை வரணும்னா ரெண்டுக்கும் ஒரே குறி இருக்கணும். ரெண்டும் கூட்டல்னா ஈசானி மூலை. ரெண்டும் கழித்தல்னா கன்னி மூலை. ரெண்டு சாட்சியும் ஒத்துப்போற இடம் எது? கன்னி மூலை. ஆள் மாட்டிக்கிட்டான். அப்ப காஸ் மைனஸ் 4/5. கோணம் சுமாரா 217 டிகிரி.

இதே கேள்வியில டேன் குறைன்னு கொடுத்திருந்தா ஆள் அக்னி மூலையில இருப்பான். கோணம் சுமாரா 323 டிகிரி. சைனோட மதிப்பு ரெண்டுலயும் அதே மைனஸ் 3/5தான். ஒரே ஒரு குறி மாறினதுக்கு நூத்தியாறு டிகிரி தள்ளிப் போயிட்டான்.

இதுல இன்னொரு நுணுக்கமும் இருக்கு. சைனும் கோசெக்கும் குறைன்னு கொடுத்தா கால்பகுதியைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. கோசெக்ங்கறது சைனோட தலைகீழ். சைன் என்ன குறியோ அதே குறிதான் அதுக்கும். அதே மாதிரி காஸுக்கு செக், டேனுக்கு காட். இப்படி ஆறு பேர் இருந்தாலும் உண்மையில மூணு ஜோடிதான். அந்த மூணுலயும் ஏதாவது ரெண்டு ஜோடியோட குறி தெரிஞ்சா மூணாவது தானா வந்துடும். ஒருத்தன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ற சாட்சி எத்தனை பேர் வந்தாலும் ஒரு சாட்சிதான்.

ஆடிட்டிங் பேப்பர் எழுதினவங்களுக்கு இது எங்கயோ கேட்ட மாதிரி இருக்கணுமே? கம்பெனிக்காரங்களே எழுதின லெட்ஜரையும், அதே லெட்ஜரைப் பார்த்து அவங்களே போட்ட சம்மரியையும் வெச்சுக்கிட்டு "ரெண்டு ஆதாரம் இருக்கு"னு சொல்ல முடியாது. பேங்க்ல இருந்து நேரா வர்ற கடிதம்தான் ரெண்டாவது ஆதாரம். சைனும் கோசெக்கும் லெட்ஜரும் சம்மரியும் மாதிரி.

டேன் மறைக்கிற ரகசியம்

இப்பதான் முக்கியமான இடத்துக்கு வரோம். டேனை மட்டும் கையில கொடுத்தா என்ன ஆகும்?

டேன் 1னு வெச்சுக்குவோம். ஈசானி மூலையில சரியா நடுவுல, 45 டிகிரியில நிக்கறவனுக்கும் டேன் 1தான். அவனுக்கு நேர் எதிரா, கன்னி மூலையில 225 டிகிரியில நிக்கறவனுக்கும் டேன் 1தான். ஒருத்தன் வடகிழக்கு, இன்னொருத்தன் தென்மேற்கு. வீட்டுலயே இதைவிட தூரமா ரெண்டு பேர் நிக்க முடியாது. ஆனா டேனைக் கேட்டா "ரெண்டு பேரும் ஒண்ணுதான் சார்"னு சொல்லும்.

ஏன்னா வகுத்தல்னு ஒண்ணு நடந்தவுடனே ரெண்டு கழித்தல் குறியும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு செத்துப் போயிடுது. செத்ததுக்கான தடயம்கூட விடைல இருக்காது.

இது பாடப்புத்தகத்தோட நிக்கற விஷயம் இல்ல. தமிழ்நாட்டு மழையையே எடுத்துக்கோங்க. ஜூன்ல ஆரம்பிக்கிறது தென்மேற்குப் பருவமழை. அக்டோபர்ல ஆரம்பிக்கிறது வடகிழக்குப் பருவமழை. நமக்கு வருஷத்துல கிடைக்கிற மழையில ஏறக்குறையப் பாதி இந்த ரெண்டாவதுலதான் வருது. வானிலைக் கணக்குல காற்றை கிழக்கு-மேற்கா எவ்வளவு, வடக்கு-தெற்கா எவ்வளவுனு ரெண்டு எண்ணாப் பிரிச்சு வைப்பாங்க. அந்த ரெண்டையும் வகுத்து விடையை மட்டும் ஒருத்தர் எழுதி வெச்சா, நமக்கு மழை கொண்டு வர்ற காத்தும் கேரளாவுக்கு மழை கொண்டு போற காத்தும் ஒரே எண்ணாத்தான் தெரியும். விவசாயி எந்த மாசம் விதைக்கிறது?

கம்ப்யூட்டர்காரங்களுக்கும் இந்த வம்பு நல்லாத் தெரியும். எக்செல் வெச்சிருக்கீங்கல்ல, இப்பவே சோதிச்சுப் பாருங்க. அதுல ஏடேன்னு ஒரு ஃபார்முலா இருக்கு, டேன்ல இருந்து கோணத்தைக் கண்டுபிடிக்க. மைனஸ் 1ஐ மைனஸ் 1ஆல வகுத்து அதுக்குள்ள கொடுத்து டிகிரியா மாத்தினா 45னு சொல்லும். கன்னி மூலையில நிக்கறவனை ஈசானி மூலையில கொண்டு போய் நிறுத்திடும். இதுக்காகவே ஏடேன்2னு இன்னொரு ஃபார்முலா இருக்கு. அது வகுத்த விடையைக் கேக்காது. ரெண்டு எண்ணையும் தனித்தனியாக் கேட்டு வாங்கிக்கும். ரெண்டுக்கும் மைனஸ் 1 கொடுத்தா மைனஸ் 135 டிகிரின்னு வரும். 360ஐக் கூட்டிப் பாருங்க, 225. சரியான மூலை.

ஒரு எச்சரிக்கை. எக்செல்ல இதுக்குள்ள முதல்ல எக்ஸ், அப்புறம் ஒய். பெரும்பாலான புரோகிராமிங் மொழிகள்ல முதல்ல ஒய், அப்புறம் எக்ஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள்கிட்ட பந்தா பண்றதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க.

அந்த ஏடேன்2 சொல்ற பாடம்தான் இந்தக் கட்டுரையோட மொத்தப் பாடமும். "வகுத்ததை என்கிட்ட தராதே. வகுக்கறதுக்கு முன்னாடி இருந்த ரெண்டையும் கொடு."

மாமாவும் 25 சதவீதமும்

எங்க மாமா, அம்மாவோட தம்பி, கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். மனக்கணக்குல புலி. அம்பத்தஞ்சு பேர் நிக்கற பஸ்ல யாருக்கு எவ்வளவு சில்லறை பாக்கினு ஒருத்தர்கூட இறங்கறதுக்கு முன்னாடி சொல்லிடுவார். ரிட்டயர் ஆனப்ப வந்த பணத்துல வீட்டுக்கடனை அடைச்சது போக ஆறு லட்சம் மிச்சம் இருந்துச்சு. அதுதான் அவருக்கும் அத்தைக்கும் கடைசி வரைக்கும் சோறு போடற பணம்.

அவரோட சின்ன வயசு சினேகிதர் ஒருத்தர் கூட்டாளியோட சேர்ந்து அச்சகம் நடத்தறார். கூட்டாளிக்கு வயசாயிடுச்சு, விலகப் போறார். "அந்த இடத்துக்கு நீ வாடா"னு மாமாவைக் கூப்பிட்டிருக்கார். கையில ஒரு பிரிண்ட் அவுட்டும் கொடுத்திருக்கார். மாமா அதை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, நீதான் பி.காம் படிக்கிறியே, இதைக் கொஞ்சம் பாரேன். போன வருஷம் அம்பது பர்சென்ட் வந்திருக்கு. இந்த வருஷம் வியாபாரம் கொஞ்சம் டல்லு போல, இருபத்தஞ்சுதான். ஆனா பேங்க்ல போட்டா இதுல மூணுல ஒரு பங்குகூட வராதேடா."

வாங்கிப் பார்த்தேன். எக்செல்ல போட்ட ஷீட். மூணு வரி, ரெண்டு வருஷம்.

போன வருஷம்: மூலதனம் (6,00,000). நிகர லாபம் (3,00,000). மூலதனத்தின் மீதான வருவாய் 50%.

இந்த வருஷம்: மூலதனம் (8,00,000). நிகர லாபம் (2,00,000). மூலதனத்தின் மீதான வருவாய் 25%.

காமர்ஸ் மக்களுக்கு இந்நேரம் வயித்துல புளி கரைச்சிருக்கும். மத்தவங்களுக்கு விளக்கிடறேன். கணக்குப் புத்தகத்துல அடைப்புக்குறிக்குள்ள எண்ணைப் போட்டா அது கழித்தல்னு அர்த்தம். மூலதனம் குறை 8 லட்சம். அதாவது கூட்டாளிங்க போட்ட பணம் எல்லாம் நஷ்டத்துலயும் எடுத்த பணத்துலயும் கரைஞ்சு போய், அதுக்கும் கீழ 8 லட்சம் பள்ளம். லாபம் குறை 2 லட்சம். அதாவது நஷ்டம். மைனஸ் 2ஐ மைனஸ் 8ஆல வகுத்தா கூட்டல் 25 சதவீதம். எக்செல் பாவம், சொன்ன கணக்கைச் சரியாத்தான் போட்டிருக்கு. கடைசி வரியில மட்டும் அடைப்புக்குறி இல்ல.

"மாமா, இந்த பிராக்கெட் எதுக்குனு நினைச்சீங்க?"

"அழகுக்குப் போட்டிருக்கான்னு நினைச்சேன்."

சிரிக்க முடியல. அத்தை அடுக்களை வாசல்ல நின்னு என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

மூலதனத்துக்கு பற்று இருப்பு, நிகர மதிப்பு அரிப்புனு நான் படிச்ச வார்த்தையெல்லாம் எடுத்து விட்டேன். மாமா தலையை ஆட்டினார், ஆனா கண்ணு அந்த 25லயே இருந்துச்சு. நல்லது சொல்ற எண் ஒண்ணு கண்ணு முன்னாடி இருக்கும்போது வார்த்தை காதுல ஏறாது. அப்பதான் ஷீட்டைத் திருப்பி பின்பக்கம் ஒரு கூட்டல் குறி மாதிரி ரெண்டு கோடு போட்டேன்.

"மாமா, இது உங்க வீட்டு மனைன்னு வெச்சுக்கோங்க. கிழக்கே போனா மூலதனம் இருக்கு. மேற்கே போனா மூலதனம் பள்ளம். வடக்கே போனா லாபம், தெற்கே போனா நஷ்டம். இந்த அச்சகம் எந்த மூலையில இருக்கு?"

கொஞ்ச நேரம் பார்த்தார். விரலை மேற்கே நகர்த்தினார். அப்புறம் தெற்கே. "கன்னி மூலை."

"அந்த 25 பர்சென்ட்டுங்கறது ஈசானி மூலையில இருக்கற கம்பெனிக்கும் வரும், கன்னி மூலையில இருக்கற கம்பெனிக்கும் வரும் மாமா. அதை மட்டும் பார்த்தா எந்த மூலைன்னு தெரியாது."

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவரே போட்டுட்டார், மனக்கணக்குப் புலியாச்சே. "நான் ஆறு லட்சம் போட்டாலும் இன்னும் ரெண்டு லட்சம் பள்ளம் இருக்குமேடா." ஆமா மாமா. அதோட, 1932ம் வருஷ கூட்டாண்மைச் சட்டப்படி கூட்டாளியாச் சேர்ந்த பிறகு வர்ற கடனுக்கு அவர் போட்ட ஆறு லட்சத்தோட பொறுப்பு நிக்காது, வீடு வரைக்கும் வரும்னும் சொன்னேன். அந்த வீட்டுக்கடனை அப்பதான் அடைச்சிருந்தார்.

ஒரு விஷயத்தை நியாயமாச் சொல்லணும். அந்த சினேகிதர் ஏமாத்த நினைக்கல. மாமா போன் பண்ணிக் கேட்டப்ப அவர், "கணக்கு எழுதற பையன் போட்டுக் கொடுத்ததுடா, நானும் பர்சென்ட்டைத்தான் பார்த்தேன்"னு சொல்லியிருக்கார். எனக்கு அது உண்மைன்னுதான் தோணுது. ஏமாத்தறவன் அடைப்புக்குறியை விட்டு வெச்சிருக்க மாட்டான். இன்னொண்ணும் இருக்கு. அந்த ஷீட்ல நஷ்டம் மூணு லட்சத்துல இருந்து ரெண்டு லட்சமாக் குறைஞ்சிருக்கு. அதாவது அச்சகம் கொஞ்சம் தேறியிருக்கு. அந்தத் தேறலைத்தான் சதவீதம் "50ல இருந்து 25க்கு இறங்கிடுச்சு, டல்லு"னு காட்டுது. மோசமா இருந்ததை நல்லதுன்னு சொன்னது பத்தாதுன்னு, நல்லாயிட்டு வர்றதை மோசம்னும் சொல்லுது.

மாமா கூட்டாளியாச் சேரல. சினேகிதருக்கு அம்பதாயிரம் ரூபாய் கடனாக் கொடுத்தார், திரும்பி வராட்டியும் பரவாயில்லைன்னு தெரிஞ்சே. "அம்பதுன்னா தாங்கும், ஆறு லட்சம்னா தாங்காது"ன்னார். அச்சகம் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. நிமிர்ந்துட்டா, அன்னிக்கு மாமாவைச் சேர விடாமப் பண்ணினவன் நான்தான்னு அவங்க நினைக்கலாம். அந்த உறுத்தல் எனக்குக் கொஞ்சம் இருக்கு. ஆனா எந்த மூலைன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுக்கறதும் தெரியாம எடுக்கறதும் ஒண்ணு இல்லையே. முடிவு மாமாவோடது. மூலையைக் காட்டினது மட்டும்தான் நான்.

பெரிய கம்பெனிகளும் இதே மனையில்தான்

அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் எந்த பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தாலும் இந்த நாலு மூலையில கொண்டு போய் வெச்சுப் பார்க்கற வியாதி வந்துடுச்சு.

கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸை எடுத்துக்கோங்க. 2011-12ல நஷ்டம் 2,300 கோடி ரூபாய்க்கு மேல. நிகர மதிப்பும் அப்ப குறையிலதான். சுத்தமான கன்னி மூலை. ரெண்டையும் வகுத்தா கூட்டல் சதவீதம் வரும், அழகா. 2012 அக்டோபர்ல விமானம் பறக்கறது நின்னு போச்சு.

இப்ப மெக்டொனால்ட்ஸைப் பாருங்க. 2023ல லாபம் 840 கோடி டாலருக்கு மேல. ஆனா சொந்தப் பங்குகளைத் தொடர்ந்து திரும்ப வாங்கினதால பங்குதாரர் மூலதனம் கிட்டத்தட்ட 470 கோடி டாலர் குறையில இருந்துச்சு. லாபம் கூட்டல், மூலதனம் கழித்தல். வாயு மூலை. வகுத்தா மைனஸ் சதவீதம்.

சதவீதத்தை மட்டும் வெச்சு வரிசைப்படுத்தினா கிங்ஃபிஷர் மேல, மெக்டொனால்ட்ஸ் கீழ. கம்ப்யூட்டர் கூசாம அப்படித்தான் அடுக்கிக் கொடுக்கும். அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க மூலதனம் குறையில இருந்தா இந்த விகிதத்தைப் போடாம "பொருந்தாது"னு எழுதிடறாங்க.

இன்னொரு சுவாரசியம். புதுசா ஆரம்பிச்ச கம்பெனி பெரும்பாலும் அக்னி மூலையில பிறக்கும். கையில மூலதனம் இருக்கும், ஆனா நஷ்டம். நஷ்டம் தொடர்ந்தா மூலதனம் கரைஞ்சு மேற்கே நகரும், கன்னி மூலை. அங்கேயே செத்துப் போகலாம். பிழைச்சு லாபம் பார்க்க ஆரம்பிச்சா வாயு மூலைக்கு ஏறும். லாபம் சேர்ந்து பள்ளம் நிறைஞ்சா கிழக்கே நகர்ந்து ஈசானி மூலைக்கு வரும். நஷ்டம் எப்பவும் மேற்கே தள்ளும், லாபம் எப்பவும் கிழக்கே தள்ளும். வெளியில இருந்து யாரும் பணம் போடாம, யாரும் எடுக்காம இருந்தா கடிகாரம் சுத்தற திசையிலதான் போகும். நம்ம கோணமோ கடிகாரத்துக்கு எதிர்த் திசையில போகுது. இதை எங்க புரொஃபசர்கிட்ட சொன்னேன். "ம்"னார். நான் அதைப் பாராட்டா எடுத்துக்கிட்டேன் :-)

மேற்குப் பக்கத்துல இருந்து கிழக்குப் பக்கம் வரணும்னா நடுவுல மூலதனம் சரியா பூஜ்யமா இருக்கற கோட்டைத் தாண்டணும். அந்த இடத்துல விகிதமே கிடையாது. எக்செல் பூஜ்யத்தால வகுக்க முடியாதுன்னு பிழை காட்டும். டிரிக்னாமெட்ரியில இதுக்குப் பேர் டேன் 90. மதிப்பு இல்ல. பிளஸ் ஒன்னுல அதை ஒரு விதியா மனப்பாடம் பண்ணினோம். ஏன்னு இப்பப் புரியுது. கோட்டு மேல நிக்கறவனுக்கு மூலையும் கிடையாது.

குறி முதல்ல

பழைய லாக் புக் பார்த்திருக்கீங்களா? அதுல சைன் அட்டவணை 0 டிகிரியில இருந்து 90 டிகிரி வரைக்கும்தான். ஆர்யபட்டர் 499ல எழுதின ஆர்யபட்டீயத்துலயும் அப்படித்தான். 90 டிகிரியை 3 டிகிரி 45 நிமிஷம் வீதம் 24 படியாப் பிரிச்சு முதல் கால்பகுதிக்கு மட்டும்தான் கொடுத்திருக்கார். அது போதும். மீதி மூணு கால்பகுதியிலயும் அளவு அதே அளவுதான் திரும்பி வருது, குறிதான் மாறுது. அளவுக்கு ஒரு அட்டவணை போதும். இடத்துக்குக் குறி வேணும்.

கூட்டல் கழித்தல் குறிகளுக்கு விதி எழுதின பிரம்மகுப்தர் 628ல அதை வியாபாரி பாஷையிலயே எழுதினார். மிகை எண்ணுக்குத் தனம்னு பேரு, குறை எண்ணுக்கு ருணம், அதாவது கடன். அவர் விதிப்படி கடனைக் கடனால வகுத்தா தனம். கணக்கு ரொம்பச் சரி. ஆனா அந்தத் தனத்தை எடுத்துக்கிட்டுப் போய் அரிசி வாங்க முடியாதுன்னு மாமாவோட சினேகிதருக்குத் தெரியும்.

அதனால என் வகுப்பு நண்பர்களுக்கு என் பதில் இதுதான். காமர்ஸ்காரனுக்கு டிரிக்னாமெட்ரியில மொத்தமும் தேவையில்லாம இருக்கலாம். இந்த ஒரு பக்கம் தேவை. நாம படிக்கிற விகிதம் எல்லாமே ஒண்ணை ஒண்ணால வகுத்தது. ஒவ்வொரு விகிதமும் ஒரு டேன். யாராவது ஒரு சதவீதத்தை நீட்டினா, அது எவ்வளவுன்னு பார்க்கறதுக்கு முன்னாடி மேல இருக்கற எண்ணோட குறி என்ன, கீழ இருக்கற எண்ணோட குறி என்னன்னு கேளுங்க. ரெண்டே கேள்வி. அப்புறம் எவ்வளவுன்னு பார்த்துக்கலாம்.

போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. ஒரு கம்பெனியோட லாபம் போன வருஷம் மைனஸ் 10 லட்சம், இந்த வருஷம் மைனஸ் 20 லட்சம். மாற்றத்தை போன வருஷ எண்ணால வகுத்தா வளர்ச்சி கூட்டல் 100 சதவீதம். ஒருத்தர் உங்ககிட்ட வந்து "லாபம் டபுள் ஆயிடுச்சு"ங்கறார். அவரை எந்த மூலையில உக்கார வெப்பீங்க?

டிஸ்கி: இது முதலீட்டு ஆலோசனை கிடையாது. வாஸ்து ஆலோசனையும் கிடையாது. அடுத்த வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் இருக்கு. வர்ட்டா!